கை பட்டால் கண் திறக்கும் போர்டுகள்

இந்த அறையின் ஜன்னல் நல்ல ஜன்னல். காலை வெயில் நேராக மேசைமேல் விழுகிறது. எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும். நேற்று நீங்கள் கேட்கக் கேட்க நான் சொன்னது எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்துவிட்டது. "எழுதத் தெரியும்னா எழுதியே குடுத்துடுங்க பெரியவரே" என்று காகிதக் கட்டை என் பக்கம் தள்ளினீர்களே, அதற்கு நன்றி. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. எழுத்துப் படித்தது ஐம்பத்தாறில். ஆகவே என் எழுத்துக்கு இரண்டு வயதுதான் ஆகிறது. அங்கங்கே தவழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலைக்கு வருமுன் முப்பது வருஷம் மூட்டை தூக்கினேன். தொழிற்சாலையில் தூக்க வேண்டாம், தள்ளினால் போதும். சாமான் அறையிலிருந்து மெஷினுக்கு, மெஷினிலிருந்து சோதனை மேசைக்கு, அங்கிருந்து பெட்டி கட்டும் இடத்துக்கு. நான்கு சக்கர வண்டி. அதனால் எனக்கு வண்டி என்றே பெயர் விழுந்துவிட்டது. "வண்டி, அதை இங்க கொண்டா." "வண்டி, வழிய விடு." என் மகள் வயசுப் பெண்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. என் சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் செய்வது உள்ளங்கை அகலத்தில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி. கேஸில் வெந்நீர் காய்ச்சும் கருவி வைத்திருக்கிறார்களே, அந்த வீடுகளில் குளியலறைப் பக்கம் சுவரில் மாட்டுவது. கேஸ் சரியாக எரியாவிட்டால் ஒரு நச்சுக் காற்று வரும். அதற்கு வாசனை கிடையாது. மயங்குகிற ஆளுக்கே தான் மயங்குவது தெரியாது. பெட்டிதான் மோப்பம் பிடித்துக் கத்தவேண்டும். பேட்டரி சீக்கிரம் தீராமல் இருக்க அது எந்நேரமும் தூங்கும். அரை நிமிஷத்துக்கு ஒருமுறை விழித்து, முகர்ந்து பார்த்து, பச்சை விளக்கை ஒருதரம் சிமிட்டிவிட்டு மறுபடி தூங்கிவிடும். வேலை நேரத்தில் தூங்குவதில் எங்கள் சூப்பர்வைசரை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். இந்தப் பெட்டி மிஞ்சிவிட்டது.

அது விழிப்பதற்கு உள்ளே கிரிஸ்டல் என்று ஒன்று இருக்கிறது. அரிசிமணி அளவு, வெள்ளித் தகரம் போர்த்தியது. அது துடித்தால்தான் பெட்டிக்கு மூளையான சிப்புக்கு நாடி. அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு கெப்பாசிட்டர், ஒவ்வொன்றும் எள்ளில் பாதி இருக்கும். இவ்வளவையும் எனக்குச் சொன்னது எங்கள் இன்ஜினியரம்மா. இதெல்லாம் பதிந்திருக்கும் அந்தப் போர்டை வரைந்ததே அவள்தான். முப்பது வயசுக்குள் இருக்கும். முதுகில் தன்னைவிடப் பெரிய பை.

"ஊஞ்சல்னு வெச்சுக்குங்க ஐயா. கிரிஸ்டல்தான் ஊஞ்சல். சிப்பு தள்ளிவிடற ஆளு. இந்த ரெண்டு கெப்பாசிட்டரும் ஊஞ்சல்ல உக்காந்திருக்கற பாரம். பாரம் அளவா இருந்தா ஒரு தள்ளுல கிளம்பிடும். ஜாஸ்தியா இருந்துச்சுன்னா, குளிர் நேரத்துல, பேட்டரி கொஞ்சம் சோர்ந்திருந்தா, தள்ளித் தள்ளிப் பாத்துட்டு ஆளு விட்டுடுவான்."

"அளவுன்னா எவ்வளவும்மா?"

"நம்ம போர்டுக்குப் பன்னெண்டு. அதுக்குமேல ஒண்ணு ரெண்டு தாங்கும். முப்பத்துமூணு போட்டா தாங்காது."

முப்பத்துமூன்று என்று அவள் சும்மா சொல்லவில்லை. வேறொரு போர்டுக்காக அந்த அளவுக் கெப்பாசிட்டரும் எங்கள் சாமான் அறையில் இருந்தது. இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. இரண்டின் மேலும் ஒரு புள்ளி எழுத்துக்கூடக் கிடையாது. பெரிய படிப்புப் படித்தவர் கையில் அதைக் கொட்டினாலும் எது எது என்று சொல்ல முடியாது, முழிக்கவேண்டியதுதான். அந்த ஒரு விஷயத்துக்காகவே அதன்மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு. அதன் முன்னால் எல்லாரும் என்னைப் போலத்தான்.

அடையாளம், நாடாவில் வரிசையாகப் பதிந்து அது சுற்றிவரும் ரீலில் ஒட்டியிருக்கும் சீட்டில்தான். ஒரு ரீல் முடியும்போது அடுத்த ரீலின் நுனியை அதன் வாலோடு ஒட்டி மெஷினுக்குக் கொடுப்பேன். ஒட்டுமுன் நான் ஒருதரம், சரிபார்க்கிறவர் ஒருதரம் சீட்டைப் படித்துத் தாளில் கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதி. சரிபார்க்கிறவர் காலையில் வந்ததுமே அன்றைக்குரிய கட்டம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார். அவருக்கு முதுகுவலி. நான் என் பெயரைக் கோலம் போடுகிற மாதிரி வரைவேன். படிக்கத் தெரியாது என்பது ஒருவருக்கும் தெரியாது. சாமான் அறைக்காரர் பன்னிரண்டுக்குப் பச்சைப் பொட்டும் முப்பத்துமூன்றுக்கு மஞ்சள் பொட்டும் ஒட்டி வைப்பார். பொட்டைப் பார்த்து எடுப்பேன். ஏழு வருஷம் ஒரு தப்பு நடந்ததில்லை.

அவர் மகளுக்குக் குழந்தை பிறந்தது என்று மூன்று நாள் லீவில் போனார். அந்த வாரம் வந்த ரீல்களுக்குப் பொட்டு இல்லை. பழைய ரீல் மாதிரியே தோற்றம் உள்ளதாகப் பார்த்து ஒன்றை எடுத்து ஒட்டினேன். முதல்முறை நடந்தது இதுதான். இது தவறுதான், குற்றம் என்று நீங்களே சொல்லமாட்டீர்கள்.

மறுநாள் காலை நல்ல குளிர். பேசினால் வாயில் புகை வந்தது. சோதனை மேசையில் ஒரு பெண் இருக்கிறாள், வாய் ஓயாதவள். அந்தக் கட்டடத்தில் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்.

"சித்தப்பா, இன்னிக்கு என் மேசை ஆஸ்பத்திரி. பதினாலு போர்டு. ஒண்ணுக்கும் மூச்சில்ல."

"எல்லாத்துக்கும் ஒரே நோயா?"

"ஒரே நோய்தான். எழுந்திரிக்க மாட்டேங்குதுங்க. என் வீட்டுல ஒருத்தர் இருக்காரே, அவரு நோய்."

எது எது என்று கேட்டு ஒன்றின்மேல் விரலை வைத்தேன். நான் வைத்த இடம் அந்த வெள்ளித் தகரம். பச்சை விளக்கு சிமிட்டியது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுத்ததைத் தொட்டேன். அதுவும் சிமிட்டியது. அதற்குள் சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. சூப்பர்வைசர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்னய்யா மந்திரம் போட்ட?"

"சும்மா தொட்டேங்க."

"அப்ப மிச்சத்தையும் சும்மா தொடு."

பதினாலில் பன்னிரண்டு எழுந்தது. கைதட்டினார்கள் ஐயா. முப்பத்தேழு வருஷம் உழைத்ததில் என்னைப் பார்த்து யாரும் கைதட்டியதில்லை. மூட்டை தூக்கினவனுக்கு யார் தட்டுவார்கள். சோதனை மேசைக்காரிதான் அந்தப் பெயரை வைத்தாள். கைராசி. சாப்பாட்டு நேரத்துக்குள் பெட்டி கட்டும் பெண்கள்வரை போய்விட்டது. சாயங்காலம் காவலாளி வாசலில் எழுந்து நின்று, "என்ன கைராசி, கிளம்பியாச்சா?" என்றார்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்படியே அந்த விரலால நம்ம மிக்ஸியையும் ஒரு தொடு தொடுங்க. ஆறு மாசமா செத்துக் கிடக்கு" என்றாள். தொட்டேன். மிக்ஸி எழவில்லை. மகள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. அன்று எங்கள் வீட்டில் நல்ல சத்தம்.

இன்ஜினியரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அளக்கிற கருவியின் முள்ளைக் கிரிஸ்டலில் வைத்தாள், போர்டு ஓடியது. எடுத்துவிட்டு மறுபடி முடுக்கினாள், நின்றது. "நான் பாத்தா ஓடுது, பாக்கலேன்னா நிக்குது" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் துணி துவைக்கற மாதிரி" என்றாள் சோதனை மேசைக்காரி.

இன்ஜினியரம்மா என்னிடம் திரும்பினாள். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்க விரல்ல ராசி எதுவும் இல்ல. யாரு தொட்டாலும், முள்ளு பட்டாலும், ஒரு சின்ன இடி கிடைக்குது, ஊஞ்சல் கிளம்பிடுது. இப்ப எழுந்துடுச்சு சரி. அரை நிமிஷத்துல தூங்குமே, திரும்ப எழும்பும்னு என்ன நிச்சயம்? தொட்டு எழுப்பின போர்டு நல்ல போர்டு இல்ல. அது வெளியில போகக் கூடாது."

அன்றே ஒரு சிவப்புத் தட்டு வாங்கி வைத்தாள். தானாக எழுந்தவை பச்சைத் தட்டில், தொட்டு எழுந்தவை சிவப்பில். சிவப்பில் விழுந்தது உடைபடும். அந்த மூன்று நாளில் செய்த போர்டு முழுவதையும் உடைக்கவைத்தாள். அதற்காக மேலிடத்தில் திட்டு வாங்கினாள். கிரிஸ்டல்தான் மட்டமான சரக்கு என்று அவள் முடிவுகட்டி, அத்தனையையும் திருப்பி அனுப்பி வேறு வரவழைத்தாள். அதே நேரம் சாமான் அறைக்காரர் லீவு முடிந்து வந்து, பச்சைப் பொட்டு ரீலைப் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் பாதி தீர்த்த ரீலை அலமாரியில் வைத்துவிட்டார். கோளாறு நின்றது. கிரிஸ்டலை மாற்றியதால் நின்றது என்று எல்லாரும் நம்பினார்கள், நானும்தான்.

ஆனால் அவள் ஒன்று செய்தாள். சாமான் அறை ஆட்கள் எல்லாரும் இனிமேல் சீட்டை வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும் என்றாள். என் முறை வந்தது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மணியைப் பார்த்து, "நேரமாச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மற்றவர்களை அனுப்பிவிட்டாள். மறுநாள் ஒரு பொட்டலம் கொடுத்தாள். உள்ளே ஒன்றாம் வகுப்புப் புத்தகம், இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் போட்ட அட்டை ஒன்று. "யாருக்கும் தெரிய வேண்டாம் ஐயா. ரெண்டு மாசத்துல படிச்சுடுவீங்க."

நான் ஒன்றரை மாதத்தில் படித்தேன். மகள் சொல்லிக்கொடுத்தாள், வீட்டுக்காரி கேலி செய்தாள், இரண்டும் சேர்ந்தால் மண்டையில் சீக்கிரம் ஏறுகிறது. தெருப் பலகை, மருந்துச் சீட்டு, பஸ் நெற்றி, ஒன்றை விடுவதில்லை. அந்த நாட்களைப் போல் சந்தோஷமான நாட்கள் எனக்கு வாய்த்ததில்லை. அப்படி ஒருநாள் அலமாரியில் ஒவ்வொரு ரீலாகப் படித்துக்கொண்டு வந்தபோது அந்தப் பாதி ரீல் கையில் வந்தது. மூன்று, மூன்று, சைபர். அந்த எழுத்துமுறையில் அதற்கு முப்பத்துமூன்று என்று பொருள். நான் அன்று ஒட்டிய முனையில் என் கையால் கிழித்த ஒட்டுநாடா இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. கிரிஸ்டல் நல்ல கிரிஸ்டல். பாரம்தான் ஜாஸ்தி.

உடனே ரீலை எடுத்துக்கொண்டு இன்ஜினியரம்மாவிடம் சொல்லக் கிளம்பினேன். இது சத்தியம். அவள் திட்டமாட்டாள் என்றும் தெரியும். பாதி தூரம் போயிருப்பேன், மெஷின் பக்கத்திலிருந்து சூப்பர்வைசர் கத்தினார். "வண்டி, நடுவுல நிக்காத, ஓரமாப் போ."

ஒரு மாதத்துக்கு மேலாக என்னை யாரும் கைராசி என்று கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எழுப்புவதற்கு ஒன்றும் இல்லையே, எப்படிக் கூப்பிடுவார்கள். நான் ஓரமாகப் போனேன். பிறகு சாமான் அறைக்குத் திரும்பிப் போனேன்.

அந்த ரீலில் நாற்பது கெப்பாசிட்டர் நீளத்துக்கு நாடாவைக் கத்தரித்தேன். போர்டுக்கு இரண்டு, ஆக இருபது போர்டு. புதன்கிழமை வேலை முடிகிற நேரத்தில் நல்ல ரீலுக்கு நடுவே அதை ஒட்டிவிடுவேன். வியாழன் காலை, கூடம் சூடேறுமுன், அந்த இருபதும் சோதனை மேசைக்கு வரும். அதில் ஏழு, எட்டு எழாமல் கிடக்கும். "சித்தப்பாவக் கூப்பிடுங்க" என்று குரல் வரும். நான் அவசரம் காட்டமாட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வருவேன். வெயில் காலத்தில் எல்லாமே தானாக எழுந்துவிடும் என்பதால் குளிர்மாதங்களில் மட்டும் செய்தேன். இரண்டு குளிர்காலம். முப்பது வியாழக்கிழமை.

வியாழக்கிழமைகள் எப்படி இருந்தன என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டும். சோதனை மேசைக்காரி வீட்டிலிருந்து எனக்கென்று தின்பதற்கு ஏதாவது கொண்டுவருவாள். பெட்டி கட்டும் பெண்கள் இன்றைக்கு எத்தனை எழும் என்று பந்தயம் வைப்பார்கள், தோற்றவள் பாடவேண்டும். சரக்கு வாங்க வந்த பெரிய மனிதர்களுக்கு மேலாளர் என்னைக் காட்டினார். ஒருவர் என் விரலைப் படம் எடுத்துக்கொண்டார். என் மூத்த மகளைக் கட்டி நாலு வருஷமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாத என் மாப்பிள்ளை, தன் சிநேகிதர்களிடம், "எங்க மாமா இருக்காரே" என்று ஆரம்பித்ததை என் காதாலேயே கேட்டேன். வேலையும் குறையில்லாமல் நடந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதனால் ஒரு கட்டடம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது என்றால் அதில் கொஞ்சமாவது நல்லது இருக்குமல்லவா.

சிவப்புத் தட்டுதான் உறுத்தலாக இருந்தது. நான் தொட்டு, அது கண் திறந்து, எல்லாரும் கைதட்டி, அப்புறம் அதைக் கொண்டுபோய் உடைப்பதா. அப்படியானால் நான் செய்தது என்ன? தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போகிறவன் நான்தானே. வழியில், தூண் மறைவில், சிவப்பில் இருந்ததைப் பச்சைக்கு மாற்றிவிடுவேன். சிவப்பில் எண்ணிக்கை குறையாமல் இருக்க மூலையில் கிடந்த பழைய உடைசல்களைப் போட்டுவிடுவேன். ஒவ்வொரு போர்டிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். மாற்றும்போது அதைப் படிப்பேன். படிக்கத் தெரிந்துவிட்டதல்லவா, விடமுடியவில்லை. இருநூற்றுப் பதினொரு எண்களும் இன்றைக்கும் மனப்பாடம். ஐம்பத்தாறு வருஷம் எழுத்தில்லாமல் வாழ்ந்தவனுக்கு மனசுதான் நோட்டுப் புத்தகம். அதை நீங்கள் சோதனை போட்டு எடுக்க முடியாது.

ஒவ்வொரு இருபதிலும் மிச்சம் பன்னிரண்டு, பதின்மூன்று போர்டு தானாக எழுந்து பச்சைத் தட்டுக்குப் போனது. அவற்றின் எண்ணை நான் பார்க்கவில்லை. அவை என் கை படாதவை. நான் செய்யாததற்குப் பெருமை கொண்டாடுவது எனக்குப் பழக்கமில்லை.

இன்ஜினியரம்மா விடவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில், சாப்பாட்டு அறையிலிருந்த குளிர்பெட்டியை இழுத்துவந்து சோதனை மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். உள்ளே தயிருக்குப் பதில் போர்டு. "இவங்களுக்குப் பசிக்காதா" என்று எல்லாரும் முனகினார்கள். ஒரு வியாழன் போர்டு அதற்குள் எழாமல் கிடந்தது. அதிலிருந்து அந்த எள்ளளவுக் கெப்பாசிட்டரைச் சூடுகாட்டிக் கழற்றி அளந்தாள். முப்பத்துமூன்று.

என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள்.

"ஐயா, எங்க அப்பாவக் கேக்கற மாதிரி கேக்கறேன். ரீல் மாறிச்சா?"

"இல்லம்மா."

"மாறியிருந்தாலும் பரவாயில்ல. யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எது எதுன்னு தெரிஞ்சாப் போதும், வெளிய போனதைத் திருப்பி வாங்கிடலாம். குளிர் வந்துடுச்சு, வீட்டுல எல்லாரும் வெந்நீர் போடுவாங்க."

"நான் படிச்சுத்தாம்மா ஒட்டறேன். நீங்கதானே படிக்க வெச்சீங்க."

அவள் கண் கலங்கிவிட்டது. நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டாள். பெருந்தன்மையாக, "பரவாயில்லம்மா" என்றேன்.

மேலிடத்தில் விசாரித்தார்கள். கையெழுத்துத் தாளை எடுத்துப் பார்த்தார்கள். என் கையெழுத்து, அதற்கெதிரே சரிபார்க்கிறவர் கையெழுத்து, ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அப்படியானால் வரைந்த ஆள்தான் தப்பான அளவை எங்கோ எழுதியிருக்கவேண்டும் என்றார் சூப்பர்வைசர். முன்பே மூன்று நாள் சரக்கை உடைக்கவைத்து, நல்ல கிரிஸ்டலைத் திருப்பி அனுப்பியவள் என்பதும் சேர்ந்துகொண்டது. ஒரு வாரத்தில் அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டு வாசல்வரை என் வண்டியில் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். கனமே இல்லை. "புத்தகம் படிக்கறத விட்டுடாதீங்க ஐயா" என்றாள். விடவில்லை.

அதற்குப் பிறகு நான்கு வியாழக்கிழமை நடந்தது. குளிர்பெட்டி சாப்பாட்டு அறைக்குத் திரும்பிவிட்டது. தயிரும் திரும்பிவிட்டது.

பிறகு அந்த வீடு. நீங்கள் படம் காட்டினீர்கள். காலை ஏழு மணி. அப்பா பால் வண்டியோடு போயிருக்கிறார். பள்ளிக்கூடம் போக இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மா வெந்நீரில் தலை குளிப்பாட்டியிருக்கிறாள். குளிர் என்று ஜன்னலை மூடியிருக்கிறார்கள். அவர் திரும்பி வந்து கதவைத் தட்டியபோது தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம். கதவுக்கு மேலே பெட்டி இருந்தது, பேட்டரியும் இருந்தது. அது தூங்கிவிட்டிருந்தது. பச்சை விளக்கு சிமிட்டவில்லை என்பதை அந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு நாலு வயது என்றீர்கள். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. நேற்றுச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று காலை பரவாயில்லை.

இன்ஜினியரம்மா பேப்பரில் அதைப் படித்துவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்குக் கடிதம் எழுதினாள் என்றும், அதில் வியாழக்கிழமைக் கணக்கை அப்படியே போட்டிருந்தாள் என்றும் சொன்னீர்கள். கெட்டிக்காரி. அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆகவே ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன். முதல்முறை தவிர எல்லாம் தெரிந்தே செய்தேன். முப்பது முறை தவறான நாடாவை ஒட்டியது நான். அறுநூறு போர்டு. சிவப்புத் தட்டிலிருந்து பச்சைக்கு மாற்றியது நான். அவள் கேட்டபோது இல்லை என்று சொன்னது நான். யாரும் என்னைத் தூண்டவில்லை. சரிபார்க்கிறவரை விட்டுவிடுங்கள், அவருக்கு முதுகுவலி.

ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். அந்த வீட்டுப் போர்டின் எண்ணை நீங்கள் படித்துக் காட்டினீர்களே, காட்டியதும் என் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கிவிட்டது. என் இருநூற்றுப் பதினொன்றில் அது இல்லை. அது தானாக எழுந்து தானாகப் போனது. நான் தொட்டிருந்தால் அது அந்தக் காலையில் விழித்திருக்கும். இதைச் சொன்னபோது நீங்கள் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டீர்கள். ஒப்புக்கொண்டீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

விற்ற நாற்பதாயிரம் பெட்டிகளையும் திரும்ப வாங்க மூன்று மாதம் பிடிக்கும், அதற்குள் குளிர்காலமே போய்விடும், எண்கள் கிடைத்தால் இரண்டு நாளில் அந்தந்த வீட்டுக்குப் போய்விடலாம் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். உங்கள் கஷ்டம் புரிகிறது. என் கை படாத முந்நூற்று எண்பத்தொன்பதின் எண்கள் எனக்குத் தெரியாது, தெரிந்தால் தந்திருப்பேன். அவற்றை எப்படியாவது தேடிக் கொண்டுவாருங்கள். இந்த மேசையில் வரிசையாக வையுங்கள், ஒவ்வொன்றாகத் தொட்டுத் தருகிறேன்.

மற்ற இருநூற்றுப் பதினொன்றையும் நான் சொல்லமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சொன்னால் நல்ல பெட்டிகளைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டுபோய் உடைத்துவிடுவீர்கள். இந்நேரம் அந்த வீடுகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெந்நீர் போட்டுக் குளித்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களைப் பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம் ஐயா. அவர்களுக்கெல்லாம் நான் தொட்டுக் கொடுத்திருக்கிறேன்.